மேலகரத்துத் துளையும் உலகம்மையும்

"ஏம்மா, அந்த வயரு துளைக்குள்ள போயி என்னத்தப் பாக்குது?" என்று உலகம்மை சுகிர்தத்திடம் கேட்டாள்.

"பாக்காதுக்கா. கரண்டு விடுது. கருங்கல்லுன்னா கரண்டு லேசுல போவாது. பென்சில் கரி இருந்தா சரசரன்னு போயிரும். மீட்டர்ல முள்ளு ஆடுதத வச்சு என்ன கல்லுன்னு சொல்லிரலாம்."

"துண்டு துண்டா கல்ல வெளிய எடுக்காவளே. அதப் பாத்தாத் தெரியாதா?"

"கருங்கல்லு முழுசா வருது. கரி பொடியில்லா? துளை போடும்போதே தண்ணியோட போயிருது. கல்லு வராத எடத்துல என்ன இருந்துச்சுன்னு வயருதான் சொல்லணும்."

உலகம்மை கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்டுக்காரருக்குள்ளயும் ஒருநா அத விட்டுப் பாரு தாயி. உள்ள என்ன கெடக்குன்னு கல்யாணம் ஆன நாள்ல இருந்து தெரியல."

அந்தப் பாறைக்காட்டுக்கு வந்த பிறகு சுகிர்தம் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

யுத்த காலம். உலோகம் உருக்கும் மூசைகளுக்காகப் பென்சில் கரி தேடினார்கள். கல்கத்தாவிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் படித்த தென்காசிப் பெண் சுகிர்தம், முள் காட்டும் எண்களை எழுதினாள். அவர் சொல்வதை ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதை அவருக்கும் சொன்னாள். அதிகம் பேசாதவளுக்கு அடுத்தவர் பேச்சைப் பேசுவது வசதியாகவே இருந்தது.

உலகம்மை வாசுதேவநல்லூரில் பிறந்து மேலகரத்தில் வாழ்க்கைப்பட்டவள். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூப்பிட்டவர் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தவள். துளை போடும் எந்திரத்துக்குத் தண்ணீர் சுமக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது, அரிசிக்கு ஊரே அலைந்த வருஷத்தில்.

சாரல் தொடங்கியதும் முகாமை மாற்றப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதிகாரி வெளியூர் போயிருந்தபோது சுகிர்தம் எண் எழுதிய ஒரு துளையை, கிளம்புமுன் அவரே மறுபடி அளந்தார். கருங்கல் என்று அவள் எழுதியிருந்த ஆழத்திலெல்லாம் கரண்டு தாராளமாகப் போயிற்று. வயரைப் பார்த்தார், பாட்டரியைப் பார்த்தார். பழுதில்லை. அப்படியானால் பழுது அவளிடம்தான். துளையிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கியிருந்த கல்லைப் பார்த்துவிட்டு அதற்குத் தோதாக எண்களைச் சமைத்திருக்கிறாய், நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்.

அம்மா வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் வந்த வேலை. பொய்க்கணக்கு எழுதியவள் என்ற பெயரோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுப்படி ஏறுவது? அடுத்தவர் பேச்சையெல்லாம் சொல்லத் தெரிந்தவளுக்குத் தன் பேச்சு வரவில்லை.

உலகம்மை குடத்தை இறக்கினாள். "அய்யா ஏன் சத்தம் போடுதாரு?"

சுகிர்தம் சொன்னாள்.

"உப்பு போட்டா முள்ளு மாறுமா?"

உப்புத் தண்ணீரில் கரண்டு தாராளமாகப் போகும். சுகிர்தம் சட்டென்று நிமிர்ந்தாள். "எவ்வளவு உப்புக்கா?"

"ஒரு நார்ப்பெட்டி. மொளகும் போட்டேன். எடத்த மாத்தப் போறாவன்னு சொன்னாவல்லா? பேராச்சி கோயில் தெப்பக்குளத்துல கும்பிட்டுப் போடுதோம்லா, அது மாதிரிதான். எம் பிள்ளைகளுக்கு ஒரு வருசம் கஞ்சி ஊத்துன குழி. சும்மா விட்டுட்டுப் போவச் சொல்லுதியா?"

சுகிர்தம் அதை இங்கிலீஷில் சொன்னதும் அதிகாரி துளைத் தண்ணீரை எடுத்து நாக்கில் வைத்தார், துப்பினார். நல்ல தண்ணீர் விட்டு அலசிவிட்டு அளந்தபோது அவள் எழுதிய எண்களே திரும்பி வந்தன. கல் வராத ஓரிடத்தில் மட்டும் கரண்டு தாராளமாகப் போயிற்று. அங்கே கரி இருந்தது, தோண்டும் அளவுக்கு இல்லாமல்.

முகாம் நகர்ந்தது. சுகிர்தமும் கூடவே போனாள். உலகம்மை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. திறந்தால் அன்றைக்கே விரட்டிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. இந்த நன்றியைச் சுகிர்தம் சரியாகச் சொன்னதேயில்லை. ஆனால் உலகம்மை கேட்டுக்கொண்ட ஒன்றைச் செய்தாள். சுகிர்தம் அதிகாரி பக்கம் திரும்பிப் பேச வாயெடுக்கும் முன், ஈரக் கையால் இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உலகம்மை சொன்னது:

"போட்டது நான்னு சொல்லு, தாயி. அதோட நிறுத்திக்க. எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுராத. கும்பிட்டுப் போட்டத தப்புன்னு சொல்ல எனக்கு மனசில்ல."