ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கின் வெளியுறவுக் கொள்கை

தெருவில் அவருக்குப் பெயர் தூதர். பிழைப்பு என்னவோ ஃப்ரிட்ஜ் ரிப்பேர். கம்ப்ரஸரில் காதை வைத்தபடியே, எந்த நாட்டு அதிபர் எந்த நாட்டை முறைக்கிறார் என்று வீட்டுக்காரர்களுக்கு விளக்குவார். பெட்டி குளிர்வதற்குள் கேட்பவர்களுக்குச் சூடேறிவிடும்.

அவர் பச்சைக் கட்சி. மனைவியின் அண்ணன் நீலக் கட்சி, ஆளுங்கட்சி. அந்த மச்சானிடம்தான் சுமை வண்டி இருந்தது. பழுதான ஃப்ரிட்ஜைப் பட்டறைக்குக் கொண்டுவர அவர் இல்லாமல் ஆகாது. கட்சி வேறானாலும் இருவரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள்.

தொகுதி எம்.பி.யால் வந்தது வினை. பச்சைக் கட்சிக்காரரான அவர், அரசாங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லையில் உரசிக்கொண்டிருந்த பக்கத்து நாட்டுக்குப் போய் அதன் அதிபரோடு கைகுலுக்கிவிட்டார்.

"ஒத்தை ஆளா போரை நிறுத்திட்டாரு மச்சான்!" என்றார் தூதர்.

"இவரை யாரு அனுப்பினா? வெளிநாட்டோட பேசுறது அரசாங்கத்து வேலை. இது பச்சைத் துரோகம்."

"துரோகத்தைச் சொல்லுங்க, பச்சையை இழுக்காதீங்க!"

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. வண்டியும் நின்றது. தூதர் ஒரு ஃப்ரிட்ஜைக் கைவண்டியில் தள்ளிவந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தார்.

"அந்த மனுஷன் ரெண்டு நாட்டைச் சேர்த்தாரோ இல்லையோ, என் பொறந்த வீட்டைப் பிரிச்சிட்டாரு" என்று தைலத்தை அழுத்தித் தேய்த்தாள் மனைவி. தூதர் அலறினாரே ஒழியக் கொள்கையை விடவில்லை.

அடுத்த மாதம் எம்.பி. நீலக் கட்சிக்குத் தாவினார். தூதர் செய்தியை இரண்டு முறை படித்தார். டீ குடித்து முடிப்பதற்குள் மனம் தெளிந்துவிட்டது. இனி சண்டைக்கு என்ன வேலை என்று நேரே மச்சான் வீட்டுக்கு நடந்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி மச்சான். அந்த ஆளு துரோகிதான்."

மச்சானுக்கு முகம் சிவந்தது. "நாக்கை அடக்கிப் பேசுங்க மாப்பிள்ளை! நாட்டுக்காகத் தனியா எதிரி மண்ணுல கால் வைச்ச மனுஷரு அவரு!"

தூதர் போன வேகத்திலேயே திரும்பிவந்தார்.

அந்த வாரமே எம்.பி. வீட்டு ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு; வண்டி இல்லாமல் நகராது. மனைவி அண்ணனுக்குப் போன் போட்டு, "வரலைன்னா இனி உனக்குத் தங்கச்சியே இல்லை" என்றாள். வண்டி வந்தது. இருவரும் வாய் திறக்காமல் போய்ச் சேர்ந்தார்கள்.

ஃப்ரிட்ஜ் கெட்டதை மறந்து குளிர்ந்த தண்ணீர் தேடிச் சமையலறைக்கு எம்.பி.யே வந்தார். தூதருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, அந்த அதிபர்கிட்ட என்னதான் பேசினீங்க?"

"எங்கேப்பா பேசினது? மொழிபெயர்க்கிறவருக்கு வயித்துப்போக்கு, வரலை. அதிபர் ஏதோ சொன்னாரு, நான் தலையாட்டினேன். நான் சொன்னதுக்கு அவர் தலையாட்டினாரு. நல்ல மனுஷன்."

ஃப்ரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். வண்டி கிளம்பியது.

"பார்த்தீங்களா மாப்பிள்ளை, பேசாமலே போரை நிறுத்தியிருக்காரு" என்றார் மச்சான்.

"எதுக்குத் தலையாட்டினாருன்னே தெரியலையே! பாதி நாட்டை எழுதிக் கொடுத்திருந்தா?"

ஒரு மாதமாக இல்லாத தெம்பு தூதரின் குரலில் வந்திருந்தது. பட்டறை வந்தும் இருவரும் வண்டியை விட்டு இறங்கவில்லை.