தொண்டையில் எலும்பு இல்லை

போன வருஷம் ஈஸ்டருக்கு மறுநாள், கோலார் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) பாலகாட் பகுதியில், சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டு வாசலில் நடந்தது இது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரின் தம்பி மனைவியைக் கண்டால் எனக்கு ஆகாது. வெறிநாய்க்கடி கிருமியை ஆராய்கிற பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் அவளுக்கு வேலை. விடியற்காலை ரயிலுக்கு அவள் ஓடுவாள், டிபன் கட்டுவது நான். யார் வந்தாலும் மாமியார், "எங்க சின்ன மருமவ சயின்டிஸ்டு" என்பார். பெரிய மருமகள் என்ன செய்கிறாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

எனக்கென்று இருந்த பெயர் ஒன்றுதான். கறி தின்னாத தவக்காலம் முடிந்து ஈஸ்டர் அன்று எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் கறி வேகும், எலும்பெல்லாம் தெருவுக்கு வரும். மறுநாள் ஏதாவது ஒரு நாய் தொண்டையில் எலும்பு சிக்கி, வாயைத் திறந்தபடி நிற்கும். என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையை விட்டு எடுத்துவிடுவேன்.

அன்றும் செவலை நாய் வந்தது. தாடை தொங்கியது, எச்சில் ஒழுகியது, தண்ணீர் வைத்தும் குடிக்க முடியவில்லை. வாய்க்குள் துழாவிப் பார்த்தேன். எலும்பு இல்லை. உள்ளே போயிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாலை ரயிலில் வேலையிலிருந்து திரும்பிய சின்ன மருமகள், சாக்கடையோரம் கிடந்த நாயைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "அதுங்கிட்ட யாரும் போவாதீங்க! யாருக்கா இத்த தொட்டது?"

"நான்தான். எலும்பு சிக்கினுக்குதுன்னு பாத்தேன். உனக்கு இன்னா?"

"வாய்ல கை வுட்டியாக்கா?"

"வுடாம? நீ வந்து எடுப்பியா?"

அவள் என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். முந்தின நாள் கறி நறுக்கும்போது விரலில் பட்ட கத்திக்காயம் ஆறவில்லை. அதில் சோப்பைப் போட்டு, குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். லைனே வேடிக்கை பார்த்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"கடிக்கவே இல்லடி! சும்மா படிப்ப காட்டாத!"

"கடிக்க வாணாம். எச்சில் காயத்துல பட்டா போதும். தாடை தொங்குதே, இதுவும் வெறிதான். எல்லா நாயும் பாஞ்சு கடிக்காது. நோய் வந்துட்டா பொழைக்க வைக்க மருந்து இல்லக்கா. என்ன அப்பறமா திட்டு, இப்ப ஆஸ்பத்திரிக்கு வா."

அவள் குரல் நடுங்கியது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அன்றே காயத்துக்குள் ஒரு மருந்தும் தோளில் தடுப்பூசியும் போட்டார்கள்.

"என் கைய தொட்டியே, உனக்கு பயமில்லியா?" என்று கேட்டேன்.

"லேப்ல எங்க எல்லாருக்கும் முன்னாடியே ஊசி போட்டாங்கக்கா."

அதிலும் அவள்தான் முந்தி!

நாய் செத்துப்போனது. அதன் மூளையை அவளுடைய ஆய்வகத்தில்தான் பரிசோதித்தார்கள். வெறிநோய்தான். சேதி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மிச்ச ஊசிகளுக்கு ஒரு தவணையும் தவறாமல் போனேன்.

பிறகு லைன் நாய்களுக்கு ஊசி போட ஆட்கள் வந்தார்கள். அவர்கள் கைக்கு ஒரு நாயும் சிக்கவில்லை. நான் கூப்பிட்டதும் வந்தன, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தேன். போட்டோ எடுத்ததென்னவோ அவளைத்தான். எனக்கு வயிறு எரிந்தது, இன்றும் எரிகிறது. ஆனால் அவள் மேல் பொறாமைப்பட நான் உயிரோடு இருப்பதே, அன்று அவள் என் வாய்க்குப் பயப்படாமல் என் கையைப் பிடித்து இழுத்ததால்தான்.