எதிரணிக்கு அனுப்பிய ஆறாவது ஆள்

போன வருடம் கோடை தொடங்கும் நேரம், நெய்வேலி நகரியத்தில் ஒரு சமுதாயக் கூடத்தில் நடந்தது இது. கல்லூரிகளுக்கு இடையிலான இ-ஸ்போர்ட்ஸ் போட்டி. அதாவது போனில் ஆடும் ஆட்டம்தான். அணிக்கு ஐந்து பேர். எதிராளியின் கோட்டையை முதலில் சாய்ப்பவர்களுக்கு வெற்றி. மேடையில் பெரிய திரை, காதைக் கிழிக்கும் வர்ணனை, கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரே கூச்சல்.

நான் வணிகவியல் ஆசிரியை. எனக்கும் அந்த ஆட்டத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் அணிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டதற்கு ஒரே காரணம், பொறுப்புகளைப் பிரித்துக் கொடுத்த கூட்டத்தன்று நான் விடுப்பில் இருந்ததுதான். வாரமெல்லாம் விடைத்தாள் திருத்தி முதுகு ஒடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு. தலைவலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. கோப்பை வந்தால்தான் கல்லூரியில் கேமிங் அறை இருக்கும், இல்லாவிட்டால் பூட்டிவிடுவேன் என்று முதல்வர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டில் நல்ல போன் இல்லாத பிள்ளைகள். கல்லூரி வாங்கித் தந்த போன்களும் அந்த அறையும்தான் அவர்களுக்கு எல்லாம். எப்படியோ தட்டுத் தடுமாறி இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள்.

எதிரணியினர் தெற்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து வெகுதூரம் பஸ்ஸில் வந்தவர்கள். இறுதி ஆட்டத்துக்கு முன் அவர்களில் ஒரு பையன் வாந்தி எடுத்துச் சுருண்டு படுத்துவிட்டான். அவர்களிடம் மாற்று ஆள் இல்லை. நாலு பேராக ஆட விதியும் இல்லை.

"கோப்பை உங்களுக்குத்தான் மேடம்" என்றார் நடுவர்.

எனக்கு உயிர் வந்தது. சீக்கிரமே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

அப்போதுதான் எங்கள் கேப்டன் பக்கத்தில் வந்து நின்றான். பக்கத்து ஊரான வடக்குத்துப் பையன், அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை.

"மேடம், அவங்களுக்கு ஒரு ஆளு கொறையுதுங்க. நம்ம எக்ஸ்ட்ராவ அனுப்பலாங்களா?"

எக்ஸ்ட்ரா என்றால் எங்கள் ஆறாவது ஆள், இரண்டாம் வருட மாணவி. வருடம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள்.

"உனக்கென்ன பைத்தியமா? தோத்தா ரூம் போயிடும்டா" என்றேன்.

"தெரியுங்க மேடம். எங்கப்பாவுக்கு ரிலீவர் வரலன்னா டபுள் ஷிப்ட் பாத்துகினு நிப்பாரு. நாங்க சோத்த வெச்சிகினு வூட்ல காத்துகினு இருப்போம். அடுத்த ஷிப்ட் ஆளு வரலன்னு எடத்த வுட்டுட்டு வந்துட முடியாதுங்க. யாராச்சும் நிக்கணும்."

அதற்கும் இதற்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தேன். மற்ற நால்வரும் ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள்தான். அவர்களும் தலையாட்டினார்கள். இரண்டு கல்லூரிப் பொறுப்பாசிரியர்களும் சம்மதித்தால் சரி என்று நடுவர் சொல்லிவிட்டார். எதிரணி ஆசிரியர் உடனே சரி என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டேன் என்றால் பொய். வாதாடத் தெம்பில்லை. என்னமோ செய்யுங்கள் என்று கையை ஆட்டிவிட்டேன்.

"வுட்டுக்குடுத்து ஆடுனன்னா கெட்ட கோவம் வரும். அதான் இப்ப ஒன்னோட டீமு" என்று சொல்லி அவளை மேடையின் அந்தப் பக்கம் அனுப்பினான் கேப்டன்.

அவள் ஆடினாள். அப்படி ஒரு ஆட்டம். எங்கள் பையன்கள் எங்கே பதுங்குவார்கள், எப்போது பாய்வார்கள் என்று வருடமெல்லாம் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள் போல. முதல்முறையாக நானும் திரையை நிமிர்ந்து பார்த்தேன். கடைசியில் எங்கள் கோட்டையைச் சாய்த்ததும் அவள்தான். கூடமே எழுந்து கத்தியது. படுத்திருந்த பையன்கூடத் தலையைத் தூக்கிக் கை தட்டினான்.

அவள் மட்டும் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள்.

"மேடம், ரூம் போச்சுங்களா?"

கேப்டன்தான் பதில் சொன்னான்: "ரூம வுடு. இம்மாம் நல்லா ஆடுற ஆள ஒரு வருசமா ஒக்கார வெச்சிகினு இருந்தோமே, எங்கள எதால அடிக்கிறது?"

முதல்வர் சொன்னபடியே அறையைப் பூட்டிவிட்டார். அங்கே இப்போது உடைந்த பெஞ்சுகள் கிடக்கின்றன. நானும் கேட்டுப் பார்த்தேன், காதிலேயே வாங்கவில்லை. எனக்கு அதில் இன்னும் ஆத்திரம்தான். ஆனால் அன்றைக்கு அவளை அனுப்பாமல் இருந்திருக்கலாம் என்று அந்தப் பிள்ளைகளில் ஒருவர்கூட இதுவரை சொல்லி நான் கேட்டதில்லை. இப்போதெல்லாம் யாரோ வரவில்லை, அவருக்குப் பதில் தேர்வு அறைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் எனக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. முனகிக்கொண்டேதான் எழுகிறேன், ஆனாலும் போய் நின்றுவிடுகிறேன்.