டெல்மி ஓரெல்லானா வேலை வாங்கக் கற்றது

அடுத்தவரிடம் ஒரு வேலை சொல்ல டெல்மி ஓரெல்லானாவுக்கு வராது. ஐம்பத்தொரு வயதுவரை அதற்கு அவசியம் வந்ததில்லை என்பாள். வாய்ப்பு வந்ததில்லை என்பதுதான் உண்மை. ஹோண்டுராஸில் சிறுமியாக இருந்தபோது அம்மா அவளை விடியுமுன் எழுப்பி மக்காச்சோளம் அரைக்க வைத்தாள். பிறகு சட்டை தைக்கும் ஆலையில் மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமையும் தைக்க வைத்தான். கனடாவுக்கு வந்து, பிராண்டன் ஊரில் பன்றி இறைச்சி ஆலையில் சேர்ந்தபின், இறைச்சியைச் சுமந்து ஓடும் பட்டையின் வேகத்துக்கு அவள் கத்தியும் ஓட வேண்டியதாயிற்று. ‘செய்ய வைத்தார்’ என்ற வினைச்சொல் எங்கே வந்தாலும் அவள் அதன் கீழேயே நின்றிருக்கிறாள்.

அதனால்தான் அந்தக் குளிர்காலத்துப் பாடம் அவளுக்கு ஏறவில்லை. தேவாலயத்தின் அடித்தளத்து அறையில், செவ்வாய்க்கிழமை மாலைகளில், கோரின் டேவ்ஸ் என்ற ஆசிரியை புதிதாக வந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். ஒருவரை ஒன்று செய்ய வைப்பதற்கு ஆங்கிலத்தில் நாலு குட்டிச் சொற்கள். மேக் என்றால் விடாப்பிடியாகச் செய்ய வைப்பது. ஹாவ் என்றால் சொல்லிச் செய்விப்பது. கெட் என்றால் தாஜா பண்ணிச் செய்ய வைப்பது. லெட் என்றால் செய்ய விடுவது. முதல் சொல்லுக்கு டெல்மி வாக்கியங்களை அடுக்கினாள். மேஸ்திரி செய்ய வைத்தார், சூப்பர்வைசர் செய்ய வைத்தார். மற்ற மூன்றிலும் வாயடைத்துப் போனாள்.

"முடி வெட்டிக்கிட்டத சொல்லு டெல்மி. யாரோ ஒருத்தர் வெட்டிவிட்டாங்க இல்லையா?" என்றாள் கோரின்.

"நானே வெட்டிக்கிட்டேன் டீச்சர்."

"சரி, ஷூவுக்கு அடி போட்டது?"

"அதுவும் நான்தான். பசை வாங்கிட்டு வந்தேன்."

பக்கத்தில் இருந்த ஓஸ்தாப் சிரித்தான். உக்ரைனிலிருந்து வந்தவன், இரவில் ஆலைக் கிடங்கில் சரக்கு ஏற்றுகிற, தோள் அகன்ற ஆள். அங்கே வேலை செய்யும் ஸ்பானிஷ்காரர்களின் பேச்சைக் கேட்டு அவனும் அவளை மரியாதையாக 'டோன்யா' என்பான். "டோன்யா டெல்மி, பல்லு வலிச்சா அதையும் நீங்களே பிடுங்கிப்பீங்களா?"

"உன் பல்லையும் சேர்த்துப் பிடுங்குவேன். வாய மூடு."

வகுப்பு முடியும்போது ஒரு விளையாட்டு உண்டு. ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும். கேட்கப்பட்டவர் மறுக்கக் கூடாது, சந்தோஷமாகச் செய்கிறேன் என்றே சொல்ல வேண்டும். மாசக்கணக்கில் ஆடி ஆடி அது எங்கெங்கோ போயிருந்தது. சனிக்கிழமைக்குள் ஒரு வீடு கட்டித் தரும்படி ஓஸ்தாப் கேட்டிருக்கிறான். எத்தியோப்பியாவிலிருந்து வந்த செலாமாவிட், "அதுக்கென்ன, மாடியும் சேர்த்தே போட்டுடறேன்" என்று சொல்லியிருக்கிறாள். டெல்மி தன் முறை வரும்போதெல்லாம் பேனா கொடு, கதவைச் சாத்து என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

இதற்கிடையில் அவள் வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கிப்போய் விரல்கள் மரத்தன. வருஷக்கணக்காகக் கத்தி பிடித்த கை காப்பிக் கோப்பையை நழுவவிட்டது. வெகுநாள் காத்திருந்து அறுவை சிகிச்சைக்கு ஒரு வியாழக்கிழமை கிடைத்தது. ஆனால் மயக்க மருந்து கொடுப்பார்கள். தெரிந்தவர் ஒருவர் வந்து அழைத்துப் போக வேண்டும். டாக்ஸி ஆகாது. ஆள் வராவிட்டால் சிகிச்சை கிடையாது; மறுபடியும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். அதுவரை அந்தக் கையை வைத்துக்கொண்டு ஆலையில் காலம் தள்ள முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

கூடத் தங்கியிருந்த இரண்டு பெண்களும் பகல் ஷிப்ட். லீவு போட்டால் அவர்களுக்குக் கரும்புள்ளி விழும். அவர்களிடம் அவள் கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பேசிய நர்ஸிடம் மட்டும் "ஆள் இருக்கு" என்று சொல்லிவிட்டாள். பிறகு, பாத்திரம் கழுவும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும், கேட்க வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அந்த வாக்கியத்தை வெளியே விடுவதற்கு அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை அவள் முறை வந்தது. ஓஸ்தாபின் பக்கம் திரும்பினாள். வியாழக்கிழமை காலையில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், கை அறுவை முடிந்ததும் வீட்டில் கொண்டுவந்து விட முடியுமா என்று, ஒரு சொல் பிசகாமல் கேட்டாள்.

"சந்தோஷமா வரேன் டோன்யா!" என்றான் ஓஸ்தாப். "குதிர வண்டியா, ஹெலிகாப்டரா?"

எல்லோரும் சிரித்தார்கள். கோரின் கைதட்டினாள். "பிரமாதம்! டெல்மியும் ஒருத்தர்கிட்ட வேலை வாங்கிட்டா!" அடுத்தவர் தன் காருக்குத் தங்க முலாம் பூசித் தரச் சொன்னார். பிறகு கோட்டுகளும் குல்லாய்களும் ஏறின, வகுப்பு கலைந்தது.

டெல்மி படியேறி வெளியே வந்தாள். பனிக்காற்று கன்னத்தில் அறைந்தது. கேட்டாகிவிட்டது, அவனும் வருகிறேன் என்றுவிட்டான், ஆனால் யாரும் வரப்போவதில்லை. இன்னொரு தரம் கேட்க அவளால் ஆகாது என்று தோன்றியது. தூரத்தில் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்தது. பையிலிருந்து பயணச் சீட்டை எடுக்கப் பார்த்தாள். விரல்களுக்கு அது அட்டையா துணியா என்றே தெரியவில்லை. பஸ் வந்து நின்றது, அவள் ஏறவில்லை. மறுபடி படியிறங்கினாள்.

கோரின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓஸ்தாப் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"நான் கேட்டது பாடம் இல்ல," என்றாள் டெல்மி. "நிஜமாவே கேட்டேன். வியாழக்கிழம எனக்கு ஆபரேஷன். கூட்டிட்டுப் போக ஆள் இல்ல."

ஓஸ்தாபின் முகம் காது வரை சிவந்தது. "ஐயோ. நான் ஹெலிகாப்டர்னு... முட்டாள் நான். டோன்யா, காலைல வேலை முடிஞ்சு நேரா வந்துடறேன்."

"நைட் ஷிப்ட் முடிச்சு தூங்காம வண்டி ஓட்டுவியா?" என்று படிக்கட்டிலிருந்து செலாமாவிட்டின் குரல் வந்தது. கையுறையை மறந்துவிட்டுத் திரும்பியவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அதுவும் உன் வண்டில! ஹீட்டரே கிடையாது. கைய சரி பண்ணப் போறவள ஐஸ்கட்டியா கொண்டு போய் எறக்குவியா? என் வீட்டுக்காரர் வண்டிய நான் எடுத்துட்டு வரேன்."

"அவங்க கேட்டது என்கிட்ட."

"பதில் சொன்ன லட்சணத்தப் பாத்தோமே!"

"சண்டை போடாதீங்க," என்றாள் கோரின். மார்போடு அணைத்திருந்த நாற்காலியைக் கீழே வைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "நானும் கை தட்டிட்டு விட்டுட்டேனே டெல்மி. நீ திரும்பி வராம இருந்திருந்தா?"

வியாழக்கிழமை செலாமாவிட் அவளை அழைத்துப் போனாள். டெல்மி கண் விழித்தபோது நர்ஸ் சிரித்துக்கொண்டே, "ஒருத்தர் வந்தா போதும்னுதான சொன்னேன். வெளிய ரெண்டு பேர் நிக்கறாங்க" என்றாள். ஓஸ்தாப் வேலை முடிந்து கொஞ்சம் தூங்கி, பத்து மணிக்கு எழுந்து, தூக்கக் கலக்கத்தில் வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் வந்திருந்தான்.

வீட்டில் அவளை நாற்காலியில் உட்கார வைத்து, செலாமாவிட் முழங்காலிட்டு பூட்ஸைக் கழற்றினாள். டெல்மி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். கழற்ற விடுவதற்கும் ஒரு பலம் வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில், செலாமாவிட் அடுப்பேற்றிய பருப்பும் மிளகாய்த் தூளும் சேர்ந்து கொதிக்கும் வாசனை சமையலறையிலிருந்து வந்தது. அவளுடைய பானையில் இன்னொருத்தி சமைத்து அவள் பார்த்ததில்லை. கண் கரித்தது, மிளகாய்தான் என்று சொல்லிக்கொள்ள அவள் முயலவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் எப்படி..." என்று ஆரம்பித்தாள்.

"சாப்பிடு மொதல்ல," என்றாள் செலாமாவிட், கரண்டியை அவளுடைய இடது கையில் கொடுத்து.

வெளியே ஓஸ்தாப் வாசல்படியின் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தான். டெல்மி ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான்கு வருஷமாக அந்தப் படியை அவளே சுத்தம் செய்திருக்கிறாள். சூடான பருப்பை ஒரு வாய் விழுங்கிவிட்டு, கண்ணாடியைக் கரண்டியால் தட்டினாள்.

"ஓஸ்தாப்! அந்த ஓரத்தையும் சேத்துத் தள்ளு. தபால்காரர் வழுக்கி விழுவார்."

அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்த ஓரத்துக்குப் போனான்.