தேர் திரும்பும் தெரு

சண்டைக் காலம். கொழும்பு, கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் ஜப்பான் விசாவுக்காகக் காத்துக் கிடந்தேன். உல்லாசப் பயணி என்ற பேரில் போவதால், தூதரகத்தில் கேட்டால் சொல்வதற்கு கியோட்டோ நகரத் திருவிழாக்களைப் பாடமாக்கச் சொல்லியிருந்தான் ஏஜென்ட். ஏப்ரலில் செர்ரிப் பூ, ஜூலையில் தேர், நவம்பரில் சிவந்த இலைகள். தேர் போகும் தெருக்களை நோட்டுக் கொப்பியில் படமாகக் கீறி, சனம் கூடும் மூலைகளில் சிவப்பில் புள்ளடிக் குறி போட்டேன்.

அறையில் என்னோடு இருந்தவன் ராஜு. மலைநாட்டு ஹட்டன்காரன், தையல்கடையில் வேலை.

"நம்ம ஆடிவேல் தேர் மாதிரியே இருக்கே அண்ணே," என்று கொப்பியை வாங்கிப் பார்த்தவன், அதைத் தன் தலையணைக்கடியில் வைத்தபடியே தூங்கிவிட்டான்.

மறுநாள் காலை சோதனைக்கு வந்த பொலிஸ்காரர்கள் அதை எடுத்தார்கள். தேதி, தெரு, சனம் கூடும் இடம். அவர்களுக்கு அது குண்டு வைக்கும் திட்டமாகத்தான் தெரிந்தது. யாருடையது என்று சிங்களத்தில் கேட்டார்கள். ராஜு என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"திருவிழாப் படம் சேர்," என்றான் அவன். செருப்புப் போடக்கூட விடாமல் அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

பொலிஸ் நிலைய வாசல்வரை இரண்டு தடவை போனேன். உள்ளே போகாமலே திரும்பினேன். மூன்றாவது வாரம் விசா கிடைத்தது.

அடுத்த ஜூலையில் கியோட்டோவில், புள்ளடி போட்ட அதே மூலையில் நின்று தேர் பார்த்தேன். நான் கீறிய படத்தில் பிழை இல்லை. ராஜு திரும்பி வந்தானா என்பது இன்றுவரை தெரியாது. 'அது என் கொப்பி' என்ற மூன்று சொற்களை இனி யாரிடம் போய்ச் சொல்வது?