தோற்றாலும் ஒரு பாயிண்ட்

எங்கள் வீட்டில் பொய் சொல்வதற்கென்றே ஒருவர் இருந்தார். அவர் என் சித்தப்பா. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைதான் மேலே போய் மேகமாகிறது என்று அவர் சொன்னதை நம்பி, நான் வகுப்பில் எழுந்து நின்று அதையே சொன்னேன். டீச்சர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. அதையாவது ஒழுங்காகச் செய்கிறாரா என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம்தான்.

அப்பா அவருக்கு நேர்மாறு. அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டினார். அங்கே மீன் ஏலத்தில் வாயால் ஒரு விலை சொல்லிவிட்டால் சொன்னதுதான், யாரும் மாற்றிப் பேச மாட்டார்கள். அப்பா அந்த வழக்கத்தைக் கல்மண்டபத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சினிமா என்று அவர் சொல்லிவிட்டால், சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல் வந்தாலும் போர்த்திக்கொண்டு போயாக வேண்டும்.

இவர்கள் இருவருக்கும் ஒரே தங்கை, என் அத்தை. கல்லூரியில் முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் குனிந்துதான் நுழைவாள், அவ்வளவு உயரம். இந்த உயரத்துக்கு மாப்பிள்ளைக்கு எங்கே போவது என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, எண்ணூரில் ஒரு உயரமான மாப்பிள்ளை அகப்பட்டுவிட்டார். பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அதே வாரம்தான் அத்தை ஆட வேண்டிய, பெண்கள் கல்லூரிகளுக்கான கூடைப்பந்துப் போட்டியும் தொடங்கியது.

அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை. சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். அப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. "தோக்குற வரைக்கும் ஆடு. தோத்த மறுநாள் அவுங்க வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொன்னார். எண்ணூருக்கும் அதையே சொன்னார். எப்படியும் இரண்டு நாளில் முடிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

நினைத்ததில் தப்பில்லை. அந்தப் போட்டியின் சரித்திரத்தில் அத்தையின் கல்லூரி முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது. ஒவ்வொரு வருடமும் கைமாறுகிற பெரிய வெள்ளிக் கோப்பை ஒன்று மைதானத்து மேசையில் இருக்கும். அடிப்பலகையில் ஜெயித்த கல்லூரிகளின் பெயர்களை வரிசையாகச் சின்னத் தகடுகளில் பொறித்திருப்பார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் இரண்டே பெயர்கள்தான் மாறி மாறி இருந்தன. மண் தரையில் பெண்கள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடிய காலத்திலிருந்தே அந்த இரண்டு கல்லூரிகள்தான் என்று அத்தை சொன்னாள்.

நான் அங்கே போனது அத்தைக்குத் துணையாக. வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்பக் கூடாதாம். அவளுடைய இடுப்புயரம் இருந்த நான் பஸ்ஸில் அவள் பையைப் பிடித்துக்கொண்டு காவலுக்குப் போனேன். எனக்கு யார் காவல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் சுற்றுகளில் அத்தையின் கல்லூரி ஜெயித்தது. மறுபடியும் ஜெயித்தது. கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக வந்து நின்றபோது அவர்களாலேயே நம்ப முடியவில்லை. எண்ணூரிலிருந்து இரண்டு தரம் கேட்டு அனுப்பினார்கள். இன்னும் தோக்கலை என்று அப்பா பதில் சொன்னார். அப்படிச் சொல்லும்போது லேசாக மீசையைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் லீக். நான்கு அணிகளும் ஒன்றோடு ஒன்று மோத வேண்டும், ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம். முதல் ஆட்டமே கோப்பைப் பலகையில் பெயர் உள்ள கல்லூரியோடு. தோற்றுப்போனோம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை வாசலிலேயே நின்று, "தோத்துட்டோம்ண்ணா" என்றாள். மறைக்கத் தெரியாத இந்தக் குடும்பத்தில் சித்தப்பா மட்டும் எப்படி வந்து பிறந்தாரோ தெரியவில்லை.

அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சரி. நாளைக்கு அவுங்கள வரச் சொல்லிர்றேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதால் எனக்குப் பயமாக இருந்தது.

"இன்னும் ரெண்டு ஆட்டம் கீதுண்ணா" என்றாள் அத்தை.

"தோத்தப்புறம் இன்னா ஆட்டம்?"

அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் வியாசர்பாடி கால்பந்து. அங்கே தோற்ற அணி பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்கள் அணியில் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகியிருந்தது, இன்னொருத்திக்கு அம்மை போட்டிருந்தது. அத்தையும் போகாவிட்டால் ஆட்டத்துக்கு வேண்டிய ஐந்து பேர் தேறாது. அது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதுதான் சித்தப்பா முகம் துடைத்துக்கொண்டே பின்கட்டிலிருந்து வந்தார்.

"அது தோத்ததுல சேராதுண்ணா. இது லீக்கு. ஜெயிச்சா ரெண்டு பாயிண்டு, தோத்தா ஒரு பாயிண்டு."

"தோத்தவனுக்குப் பாயிண்டா? எவன்டா குடுக்குறான்?"

"பாஸ்கெட் பால்ல அப்டித்தான். ஆட வராதவனுக்குத்தான் சைபர்."

இவ்வளவு பெரிய பொய்யை நான் அதுவரை அவரிடமிருந்துகூடக் கேட்டதில்லை. அத்தை ஆமாம் என்று வேகமாகத் தலையை ஆட்டினாள். பாவம், வேறென்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன். சித்தப்பா பொய் சொல்லும்போது கண் சிமிட்ட மாட்டார். அன்றும் சிமிட்டவில்லை. எந்த நிமிடம் அகப்பட்டுக்கொள்வாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா டீ டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தார்.

"கடலுக்குப் போய் வெறும் வலையோட வந்தா எங்களுக்கு எவன்டா பாயிண்ட் குடுக்குறான்?"

"அது உங்க ஆட்டம்ண்ணா. இது அவுங்க ஆட்டம்."

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார். அம்மா அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றியபடியே, "இன்னும் தோத்து முடிக்கலன்னு சொல்ட்டேன். மீதிய ஆடிட்டு வா" என்றார்.

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு அப்பாவே வந்தார். உள்ளே வரக் கூச்சப்பட்டு, கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, பந்து வளையத்தில் விழும்போதெல்லாம் "இது நம்மளுதா?" என்று என்னைக் கேட்டார். பாதிக்கு மேல் நம்முடையது இல்லை. கோப்பை வழக்கம்போல அந்த இரண்டில் ஒன்றுக்கே போனது, அத்தையின் கல்லூரிக்கு மூன்றாம் இடம். எண்ணூர்க்காரர்கள் பொறுமையிழந்து வேறு பெண் பார்த்துவிட்டார்கள். அப்பா அதற்காக வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அத்தை இன்னும் இரண்டு வருடம் ஆடினாள். விளையாட்டுக் கோட்டாவில் அவளுக்கு வேலை கிடைத்தது. பிறகு தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். அவர் அவளைவிட ஒரு சாண் குள்ளம், அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. வேலைக்குப் போனதும் எனக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுத்தாள். அந்தப் பந்து என்னை அவள் படித்த கல்லூரிக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்றைக்கு நான் நிற்கிற இடத்துக்கு நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதில் சித்தப்பாவின் பொய்க்குத்தான் முதல் நன்றி என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நானும் அதே போட்டியில் லீக் வரை போய், முதல் ஆட்டத்தில் தோற்று மூலையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் கோச் வந்து, "அழாதீங்க, தோத்தாலும் ஒரு பாயிண்ட் உண்டு" என்றார். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொன்னேன். "நைனா, சித்தப்பா அன்னிக்கி சொன்னது நெசம். தோத்தா ஒரு பாயிண்டு குடுக்குறாங்க."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நெசமாவே குடுக்குறாங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "அவன் எப்பவும் போல கதை வுடுறான்னு இல்ல நெனச்சினு இருந்தேன்."

"பொய்னு நெனச்சிகினேவா அத்தைய அனுப்புன?"

"வாய வுட்டுட்டேன் இல்ல. நானா எப்டி மாத்துறது? யாருனா வந்து ஒரு பொய்யாவது சொல்ல மாட்டாங்களான்னு குந்திகினு இருந்தேன்" என்றார்.

அன்று நான் சித்தப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.