வாய்க்கால் நகர்ந்த தூரம்

மாமாவின் நிலத்துக்கும் சித்தியின் நிலத்துக்கும் நடுவே வேலி கிடையாது. ஒரு வடிகால் வாய்க்கால் மட்டும்தான். அண்ணனும் தங்கையும் பாகம் பிரித்த நாளிலிருந்து அதைத் தூர் வாருவது மாமா. ஆண்டுக்கு இரண்டு நாள், தனியாக. கூலிக்கு ஆள் வைத்தால் தாறுமாறாக வெட்டிவிடுவார்களாம். அறுபது வயதுச் சித்தியை அவர் இன்னும் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்.

நகரம் எதுவரை வளரலாம் என்று அரசாங்கம் கோடு போட்டபோது, அந்தக் கோடு வாய்க்கால் மேலேயே விழுந்தது. சித்தி பக்கம் நகரம், மாமா பக்கம் வயல். அறிவிப்பு அலுவலக மொழியில் இருந்ததால் நான் வாசித்துச் சொன்னேன். இரண்டு ஏக்கருக்குக் குறைந்த நிலத்தை நகரத்துக்குள் சேர்ப்பதில்லை என்ற வரியை மாமா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

சித்திக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மருத்துவமனைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். நிலம் நகர எல்லைக்குள் வந்தால் வீடு கட்டி விற்கும் மனைக்காரர் வாங்கிக்கொள்வார். மருத்துவமனைத் தெருவிலேயே படியில்லாத ஒரு வீட்டில் குடியேறிவிடலாம். வீட்டைப் பார்த்தும் வந்துவிட்டாள். அதன் ஜன்னல் கணக்கு எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

ஒரு வாரம் கழித்து மாமா பத்திரத்தோடு என்னிடம் வந்தார். பத்திரப்படி எல்லை வாய்க்காலில் இல்லை. சித்தி பக்கம் பதினோரு எட்டு தள்ளி இருந்தது. அந்தத் துண்டு மாமாவுடையது. அதைக் கழித்தால் சித்தியின் நிலம் இரண்டு ஏக்கர் தேறாது, கோடும் அவள் நிலத்துக்கு அப்பால் உள்ள சாலையோடு நின்றுவிடும். கழிக்காவிட்டால் வாய்க்கால் கரைவரை வீடுகள் வரும், மாமாவின் கொல்லைக்கதவுக்கு நேர் எதிரே.

“எழுந்ததும் வயலைப் பாக்கறவன் நான். இனிமே எவனோ பல் தேய்க்கறதப் பாக்கணுமா?” என்றார்.

ஆட்சேபணைக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். சித்தியிடம் சொல்லவில்லை. அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

எல்லைக்கோடு பற்றிய விசாரணை ஒரு பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. சித்தி மாமாவின் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடி திறக்கவில்லை என்று அவரிடம் நீட்டினாள், திறந்து கொடுத்தார். சிறிது நேரத்தில், எல்லோருடைய பத்திர நகலையும் வைத்திருந்த அதிகாரி அவரை அழைத்தார். பத்திரத்துக்கும் வாய்க்காலுக்கும் ஒத்துப்போகவில்லையே, வாய்க்கால் எப்படி நகர்ந்தது என்று கேட்டார்.

மாமா சட்டைப்பையைத் தொட்டார். கடிதத்தை வெளியே எடுக்கவில்லை.

“நான்தான் நகர்த்தினேன். தூர் வாரும்போது கரையைச் சீவணும். அவ பக்கம் சீவினா அவ மண்ணு போயிடும். அதனால எப்பவும் எம் பக்கமே சீவினேன். வாரின வண்டலை அவ பக்கம் போட்டேன்.”

“எத்தனை வருஷமா?”

“முப்பத்திரண்டு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்படியானால் துண்டு உங்களுடையது, ஆட்சேபணை உண்டா என்றார் அதிகாரி.

மாமா சித்தி பக்கம் திரும்பவில்லை. “இல்லீங்க. வாய்க்கால்தான் எல்லை.”

பஸ்ஸை விட்டு இறங்கியதும் சித்தி வீட்டுக்குப் போகாமல் வாய்க்கால் கரைக்கு நடந்தாள். பழைய எல்லை எங்கே என்று கேட்டாள். மாமா காட்டினார். அங்கே நின்று அவர் கொல்லைக்கதவை வெகுநேரம் பார்த்தாள்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, அண்ணா?”

“சொன்னா நீ பாத்து வச்ச வீட்டை விட்டுடுவே பாப்பா.”

மனைக்காரரிடம் சித்தி ஒரே நிபந்தனை வைத்தாள்: அந்தப் பதினோரு எட்டில் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. அவர் கோபித்துக்கொண்டு போனார். பத்து நாளில் திரும்பி வந்து, ஒரு வரிசை வீடு போகிறது என்று விலையைக் குறைத்தார். சித்தி கையெழுத்துப் போட்டாள்.

குறைந்த விலைக்கு, பார்த்து வைத்த வீடு கிடைக்கவில்லை. இரண்டு தெரு தள்ளிக் கிடைத்த வீட்டில் வாசலுக்கு இரண்டு படி. குடிபோன அன்றே மாமா கைப்பிடிக் கம்பி வாங்கிப் போய்ப் பதித்தார். சித்தி அதைப் பிடித்து ஏறிப் பார்த்துவிட்டு, உயரம் பத்தாது என்றாள். மாமா திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தார்.